ஈர மணலில் கத்தும் டிடெக்டர்: காயிலா, கேபிளா, மணலா?

பிப்ரவரி 9, காலை 7.20 (கேள்வி)

12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசை மெட்டல் டிடெக்டர், 11 அங்குல டிடி காயில் (மணலுக்கு மேல வீசுற தட்டு, உள்ள D வடிவத்துல ரெண்டு சுற்று). வீட்டு முத்தத்துல ஒழுங்கா வேலை செய்யுது. மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரைக்குக் கொண்டு போனா காஞ்ச மணல்லயே முனகுது, ஈர மணல்ல நிக்காம கத்துது. குளிக்க வர்றவங்க தொலைக்கிற மோதிரம், சங்கிலியைத் தேடிக் கொடுக்கத்தான் வாங்கினது. காயில் போச்சு, புதுசு போடணும்னு கடைக்காரர் சொல்றார். நாலு ஏஏ பேட்டரிக்குப் பதிலா ரெண்டு 18650 லித்தியம் செல் போட்டு, கன்வெர்ட்டர் வெச்சு 6 வோல்ட்டுக்கு இறக்கியிருக்கேன். அதனால இருக்குமா?

பிப்ரவரி 9, இரவு 8.05

காயில் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். "கத்துது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிப் பழுதுகள் இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இது: காயில் அசையாமல் இருக்கும்போதும் கத்துகிறதா, வீசும்போது மட்டுமா?

பிளாஸ்டிக் நாற்காலியில் காயிலைப் படுக்க வையுங்கள். ஆணி அடித்த கட்டில், கம்பி கட்டிய கான்கிரீட் தரை இரண்டும் வேண்டாம். சுற்றி ஒன்றரை மீட்டருக்கு இரும்பு இருக்கக்கூடாது. எல்லா உலோகமும் காட்டும் மோடில், கடற்கரையில் வைக்கும் அதே சென்சிட்டிவிட்டியில், கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள்.

அசையாமலே கத்தினால் காயிலைக் குத்தாக நிறுத்தி மெல்லத் திருப்புங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது: மேலே போகும் மின்கம்பி, எல்ஈடி பல்பின் டிரைவர், இன்வெர்ட்டர். எப்படித் திருப்பினாலும் ஒரே அளவில் இருந்தால் பெட்டிக்குள்ளோ பேட்டரியிலோ தேட வேண்டும்.

சும்மா இருக்கும்போது அமைதி, ஆனால் கேபிளை ஆட்டினாலோ காயிலை விரல் முட்டியால் தட்டினாலோ குரல் வருகிறது என்றால் பிளக், கேபிள், அல்லது காயிலுக்குள் தளர்ந்துபோன சுற்று. இரண்டிலும் தேறிவிட்டு மணலில் மட்டும் கத்தினால் எந்தக் காயில் மாற்றினாலும் அது தீராது.

பிப்ரவரி 9, இரவு 8.25

விட்டுப்போனது: போன் ஏர்பிளேன் மோடில், வாட்ச் கழற்றி வைத்து.

பிப்ரவரி 9, இரவு 8.50

சோதிக்கிற நாணயத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். இப்போது புழங்கும் 1 ரூபாய், 2 ரூபாய் பெரும்பாலும் காந்தம் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. அதைக் காயிலுக்கு முன் ஆட்டினால் திரையில் தெரியும் எண் இரும்புப் பக்கமும் மேலேயும் தாவும், டிடெக்டர் கெட்டுவிட்டதாகத் தோன்றும். பழைய கெட்டி 5 ரூபாய் கிடைத்தால் எடுத்து வையுங்கள்: 9 கிராம், செம்பு நிக்கல் கலவை, காந்தம் ஒட்டாது. இல்லையென்றால் 10 ரூபாய். எப்போதும் அதே நாணயம், அதே சென்சிட்டிவிட்டி, எத்தனை சென்டிமீட்டரில் குரல் உடைகிறது என்று கேபிளிலேயே ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதி வையுங்கள். நன்றாக இருக்கும் நாளில் குறித்த எண் கையில் இல்லாவிட்டால், கெட்ட நாளில் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

பிப்ரவரி 10, மாலை 6.30 (கேட்டவர்)

நாற்காலி டெஸ்ட் செஞ்சேன். 18650-ல சென்சிட்டிவிட்டியைக் கூட்டினா சின்னதா டிக் டிக். ஏஏ போட்டா அமைதி. வீட்ல எப்பவும் குறைச்சு வெச்சு ஓட்டினதால தெரியலை போல. பிளக்குப் பக்கத்துல கேபிளை வளைச்சா ஒரு கத்து. காயிலைத் தட்டினா ஒண்ணுமில்லை.

பிப்ரவரி 10, இரவு 9.15

ஆக, காயில் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது இரண்டு, மணல் மூன்றாவது. ஒவ்வொன்றாகச் சரி செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது எதைத் தீர்த்தது என்று தெரியாது.

முதலில் பேட்டரி. எல்எம் 2596 போன்ற கன்வெர்ட்டர் 150 கிலோஹெர்ட்ஸில் வெட்டி வெட்டி ஓடும் சர்க்யூட். டிடெக்டர் இழுக்கும் கரண்ட் கொஞ்சம்தான். சுமை அவ்வளவு குறைந்தால் இந்த வகை கன்வெர்ட்டர்கள் சிலது துடிப்பைத் தவிர்த்துத் தவிர்த்து ஓடும், அப்போது இரைச்சல் கீழே இறங்கி டிடெக்டர் கேட்கும் அலைவரிசைக்கே வந்துவிடும். பவர் பேங்க் சொருகினாலும் இதே கதைதான், அது 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டுக்கு ஏற்றுகிற கன்வெர்ட்டர்.

18650-ஐ விட மனமில்லை என்றால் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு எல்எம் 317 (வெட்டாமல் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஐசி) போடுங்கள். வெளியேறும் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 240 ஓம், அட்ஜஸ்டிலிருந்து மைனஸுக்கு 750 ஓம். 5.15 வோல்ட் கிடைக்கும். உள்வரும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வெளியேறும் பக்கம் 10 மைக்ரோஃபாரட். 150 மில்லியாம்பியர் இழுத்தால், செல்கள் நிறைந்து 8.4 வோல்ட்டில் நிற்கும்போது ஐசியில் அரை வாட் சூடு, சின்ன அலுமினியத் துண்டு போதும். இரண்டு செல்லுக்கான பாதுகாப்பு போர்டு கட்டாயம் வேண்டும்.

பிப்ரவரி 11, காலை 6.40

ராத்திரி எழுதியதை மறுபடி யோசித்தேன். உங்கள் தேவைக்கு எல்எம் 317 கூட வேண்டாம். சார்ஜ் இறங்காமல் நிற்கும் வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ நான்கு, 2000 மில்லியாம்பியர் மணி. நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட்தான் என்றாலும், ரீசார்ஜ் செல் போடலாம் என்று கையேட்டில் இருந்தால் கவலை இல்லை. பேட்டரிக் காட்டி நிறைந்ததாகக் காட்டாது, அவ்வளவுதான். உப்புக் காற்றில் கம்பி, போர்டு, ஈயம் என்று குறையக் குறைய நல்லது. எல்எம் 317 கணக்கு அப்படியே இருக்கட்டும், 18650-ஐ விட மனமில்லாதவர்களுக்குப் பயன்படும்.

பிப்ரவரி 11, இரவு 10.00

இப்போது கேபிள். பிளக்கின் ரப்பர் கழுத்து முடிந்து முதல் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள்தான் பெரும்பாலும் இழை அறுகிறது. காயிலின் கழுத்து அடுத்த இடம்.

கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை நம்பாதீர்கள். 30, 40 ஓம் இருந்தாலும் அது பீப் அடிக்கும். ஏழு இழையில் ஐந்து அறுந்து இரண்டில் தொங்கும் கம்பியும் அதில் பாஸ் ஆகிவிடும். 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். பிளக்கின் பின்களை இரண்டிரண்டாகத் தொட்டால் எந்த ஜோடி டிரான்ஸ்மிட் சுற்று, எந்த ஜோடி ரிசீவ் சுற்று என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் ரிசீவ்தான் அதிக ஓம் காட்டும். மாடலுக்கு மாடல் எண் வேறு, ஆகவே எண்ணை விட அது நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். முனையைப் பிடித்துக்கொண்டு கேபிளை இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை வளைத்துக்கொண்டே போங்கள். எண் துள்ளும் இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். (சில புது மாடல்களில் காயிலுக்குள்ளேயே சின்ன சர்க்யூட் இருக்கும், அங்கே இந்த ஓம் கணக்கு பொருந்தாது.)

அறுந்த இடம் பிளக்கருகே என்றால் கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, புதுசாகப் பின்னில் ஈயம் வையுங்கள். வெட்டுவதற்கு முன் எந்த நிறம் எந்தப் பின் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிப் பக்கத்து சாக்கெட் மாதிரி ஒன்று கிடைத்தால் பிளக்கை அதில் சொருகியபடியே ஈயம் வைக்க வேண்டும். பின்னைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக், சூட்டில் இளகிப் பின் சாய்ந்தால் அப்புறம் சொருகவே முடியாது. 30 வாட் அயர்ன், ஒரு பின்னுக்கு மூன்று நொடி, ஆறவிட்டு அடுத்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறை) இருக்கும், அவற்றை ஒன்றோடொன்று முறுக்கி இணைக்காதீர்கள், இருந்தபடியே அதனதன் பின்னுக்குப் போக வேண்டும். மேலே பசை வைத்த ஷ்ரிங்க் ஸ்லீவ், கழுத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு.

பின்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிய பூச்சு. பின்னில் கிரீஸ் படக்கூடாது.

பிப்ரவரி 13, மாலை 5.45

திருத்தம். கான்டாக்ட் கிளீனர் என்று பொதுவாக எழுதியது தவறு. சில கிளீனர்களின் கரைப்பான் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு உண்டாக்கும், பிளக்கும் டிஸ்பிளே கண்ணாடியும் பல மாடல்களில் அந்தப் பிளாஸ்டிக்தான். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். துணியில் நனைத்துத் துடையுங்கள், ஊற்ற வேண்டாம்.

பிப்ரவரி 14, காலை 7.10 (கேட்டவர்)

பிளக்குல ரெண்டு இழைதான் மிச்சம் இருந்துச்சு. வெட்டி வெச்சாச்சு. காஞ்ச மணல்ல இப்ப அமைதி. ஈர மணல்ல இன்னும் கத்துது.

பிப்ரவரி 14, இரவு 9.30

மீதி மணலுடையது. இதை நிதானமாகப் பாருங்கள், உங்கள் கரையில் விஷயமே இதுதான்.

மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்கள் நிறைய. அரசு நிறுவனமே அங்கே அதைப் பிரித்தெடுக்கிறது. காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு மணலில் அளைந்து பாருங்கள். சாதாரண ஸ்பீக்கர் காந்தத்தில் கொத்தாக ஒட்டினால் அது மேக்னடைட். நியோடிமியம் காந்தத்தில் மட்டும் ஒட்டினால் பெரும்பாலும் இல்மனைட்டோ கார்னெட்டோ. பார்த்துவிட்டு மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள், வீட்டுக்கு வேண்டாம். அதில் தோரியம் கலந்த மோனசைட்டும் இருக்கிறது.

இந்தக் கருமணல் காயிலுக்கு ஒரு பதில் தரும், உப்புத் தண்ணீர் வேறொரு பதில் தரும். கருமணல் காந்தத் தன்மையால் பேசுகிறது, உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் பேசுகிறது. இரண்டின் கட்டமும் (காயில் அனுப்பும் அலைக்குப் பதில் அலை எவ்வளவு தள்ளி வருகிறது என்பது) வேறு. கிரவுண்ட் பேலன்ஸ் செய்வது என்றால் ஒரு கட்டத்தைப் பிடித்து அதை மௌனமாக்குவது. ஒற்றை அலைவரிசையில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். கருமணலுக்குச் சரி செய்தால் உப்பு கத்தும், உப்புக்குச் சரி செய்தால் கருமணல் கத்தும். உங்கள் பெட்டி கெடவில்லை, அதன் எல்லை இவ்வளவுதான்.

எல்லைக்குள் செய்யக்கூடியது: சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குச் சற்று மேல் வரை இறக்குங்கள். காயில் மணலை உரசாமல் நான்கு சென்டிமீட்டர் மேலே போகட்டும். அலை ஓரத்துக்கு இணையாக நடந்தபடி, நீரைத் தொட்டு மேலேறாமல், ஒரே ஈரமுள்ள பட்டையில் வீசுங்கள். பேலன்ஸ் அந்தப் பட்டையிலேயே செய்யுங்கள், காயிலை 5 சென்டிமீட்டரிலிருந்து 25 வரை ஏற்றி இறக்கி, போகும்போதும் வரும்போதும் ஒரே குரல் வரும்வரை. ஈரம் மாறினால் மறுபடி. அலைவரிசை குறையக் குறைய உப்பின் குரல் அடங்கும். 5 கிலோஹெர்ட்ஸ் தெரிவு இருக்கும் பெட்டி என்றால் அதைப் பயன்படுத்தலாம், உங்களுடையதில் கிடையாது.

பிப்ரவரி 15, காலை 6.15

ஒரு எச்சரிக்கை. உப்பு கத்துகிறதே என்று ஃபாயில் (அலுமினியத் தாள்) விழும் எண்களை டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்தை மௌனமாக்கும் அமைப்பு) அடைத்துவிடத் தோன்றும். கத்தல் நிற்கும். ஆனால் உப்பு எந்த எண்ணில் விழுகிறதோ அதே பக்கத்தில்தான் மெல்லிய தங்கமும் விழுகிறது. சின்ன மோதிரம், மூக்குத்தி, சங்கிலி எல்லாம் சேர்ந்து மௌனமாகிவிடும். நீங்கள் தேடிக் கொடுக்க வந்ததே அவற்றைத்தான்.

பிப்ரவரி 16, இரவு 8.00

காயில் கவரைக் கழற்றிப் பார்த்தீர்களா? உள்ளே புகுந்த கருமணல் காயிலோடு ஒட்டி நகராமல் இருந்தால் பேலன்ஸில் ஓரளவு கரைந்துவிடும், ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் சரசரவென்று இடம் மாறும்போது புதுப் பொருளாகக் கேட்கும். ஒவ்வொரு நாளும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஓரத்தை அடைக்க நினைத்தால் வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கோன் கூடாது, அந்த அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று போட்டிருக்கும் டியூப் வாங்குங்கள்.

கேபிள் சுற்றும் விதமும் முக்கியம். முதல் சுற்று குழாயின் மேல்பக்கமாகப் போகட்டும், காயில் மடங்குவதற்கு மட்டும் கொஞ்சம் தளர்வு, அதற்கு மேல் வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். காயிலுக்கு மேலே தொங்கி ஆடும் கேபிள் தானே ஒரு உலோகம். கேபிள் டையை இறுக்கினால் உள்ளே ஷீல்டு நசுங்கும்.

பிப்ரவரி 20, இரவு 9.10

சங்கிலியைத் தேடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சங்கிலி எத்தனை பவுன் என்றாலும், டிடெக்டருக்கு அது முழுத் தங்கமாகத் தெரியாது, ஒவ்வொரு வளையமாகத்தான் தெரியும். வளையத்துக்கு வளையம் தொடுதல் லேசானது, சுழல் மின்னோட்டம் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குச் சரியாகப் போகாது. அதனால் மெல்லிய ஐந்து பவுன் சங்கிலியை விட ஒரு கிராம் மோதிரம் ஆழத்தில் பேசும். சங்கிலியில் டாலர் இருந்ததா, கொக்கி எந்த மாதிரி என்று தொலைத்தவரிடம் முதலில் கேளுங்கள், தேடுவது அந்தக் கொக்கியையும் டாலரையும்தான். மோதிரம் அறுந்திருந்தால் அதுவும் வளையமாக இல்லாமல் கம்பியாகிவிடும், குரல் பாதிக்குக் கீழே போகும்.

சல்லடைக் கரண்டி: 10 மி.மீ. துளை வேகமாக மணல் உதிர்க்கும், மோதிரம், மெட்டி நிற்கும். மூக்குத்தி, தோட்டுத் திருகு வழுக்கிப் போய்விடும். அதற்கு 5 மி.மீ. துளையில் இன்னொன்று வைத்து, மணலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஆட்ட வேண்டும். காயிலை வீசும்போது எஃகுக் கரண்டியை அதிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இழுத்து வாருங்கள்.

பிப்ரவரி 22, மாலை 4.30

ஹெட்போன் பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு: சாதாரண ப்ளூடூத் வேண்டாம். குரல் ஏறக்குறைய 0.2 நொடி பிந்தி வரும். நொடிக்கு ஒரு மீட்டர் வீசினால் 20 சென்டிமீட்டர் தள்ளித் தோண்டுவீர்கள். ஒரு காதில் மட்டும் கேட்டால் ஹெட்போன் கெடவில்லை, பெட்டியின் ஜாக் மோனோ, உங்கள் பிளக் ஸ்டீரியோ. இடையில் ஒரு மாற்றுப் பிளக் போட்டால் தீரும்.

மார்ச் 2, இரவு 8.45

ஈரக் கருமணலுக்கு வழி என்ன என்று கேட்கிறீர்கள். பல அலைவரிசையை ஒருசேர ஓட்டும் பெட்டி, அல்லது பல்ஸ் டிடெக்டர் (மின் துடிப்பை அனுப்பி, அது அணைந்தபின் வரும் பதிலைக் கேட்பது). இரண்டாவதைக் கையால் செய்யலாம், காயிலை மட்டும் சொல்கிறேன்.

ஐஆர்எஃப் 740 மாஸ்ஃபெட் போட்ட எளிய பல்ஸ் சர்க்யூட்டுக்கு 0.5 மி.மீ. இனாமல் வயர், 19 சென்டிமீட்டர் விட்டம், 27 சுற்று. சுமார் 300 மைக்ரோஹென்றி, 1.4 ஓம், வயர் 16 மீட்டர் ஓடும், முனைக்குச் சேர்த்து 17 மீட்டர் எடுங்கள். பலகையில் வட்டம் போட்டு ஆணி அடித்துச் சுற்றி, பருத்தி நூலால் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. மேலே ஸ்பைரல் பிளாஸ்டிக் உறை, சுற்றுக்கும் ஷீல்டுக்கும் இடையே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இருந்தால்தான் கெப்பாசிட்டன்ஸ் குறையும். ஷீல்டுக்கு சமையல் அலுமினிய ஃபாயில், வட்டம் மூடாமல் 1 சென்டிமீட்டர் விட்டு. மூடிவிட்டால் அது ஒரு ஷார்ட் சுற்று, டிடெக்டர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

டாம்பிங் ரெசிஸ்டர் (காயிலுக்குக் குறுக்கே போட்டு அதன் அலைச்சலை அடக்குவது) 680 ஓமில் தொடங்குங்கள், 2 வாட் மெட்டல் ஃபிலிம். வயர் சுற்றிய வகை கூடாது, அதுவே ஒரு காயில். கேபிள் நீளத்தையும் வகையையும் மாற்றினால் இந்த மதிப்பும் மாறும், ஆர்ஜி 58 மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் சேர்க்கிறது. ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் பல்ஸ் அணைந்தபின் கோடு ஒரே சரிவாக இறங்க வேண்டும். கீழே போய் மேலே வந்து அலைந்தால் ஓமைக் குறையுங்கள். சோம்பலாக இழுத்தால் கூட்டுங்கள்.

மார்ச் 4, காலை 7.00

ஃபாயில் என்று எழுதியதை மாற்றுங்கள். பல்ஸ் அணைந்தபின் சாம்பிள் எடுக்கும் நேரம் 20 மைக்ரோநொடிக்கு மேல் என்றால் அது ஓடும். 10 பக்கம் இறக்கினால் ஃபாயிலே இலக்காகக் கேட்கும். சோதனை எளிது: ஷீல்டுக்கு எடுத்த பொருளில் ஒரு துண்டை வெட்டிக் காயிலுக்கு முன் ஆட்டுங்கள், குரல் வந்தால் அது ஷீல்டுக்கு ஆகாது. கிராஃபைட் பெயிண்ட் நல்லது, பூசிக் காய்ந்தபின் முனைக்கு முனை ஒன்றிரண்டு கிலோ ஓம் இருந்தால் போதும். அதில் ஈயம் ஒட்டாது, தோல் சீவிய மெல்லிய கம்பியைப் பெயிண்டுக்குள் பதித்து வெளியே எடுங்கள். இடைவெளி இதற்கும் உண்டு.

பல்ஸ் வந்தாலும் மெல்லிய சங்கிலிப் பிரச்சினை தீராது. உப்பின் குரல் அடங்கும் வரை காத்திருந்து கேட்கும் முறை அது, அதற்குள் சங்கிலியின் குரலும் அடங்கிவிடுகிறது. மோதிரத்துக்கு நல்லது. துருப்பிடித்த ஆணியையும் அதே குரலில் சொல்லும், தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, இரவு 9.20 (கேட்டவர்)

பழைய பெட்டியிலயே நீங்க சொன்னபடி பட்டை பிடிச்சுப் போனேன். ஒரு வெள்ளி மெட்டி, 12 சென்டிமீட்டர்ல. கை வலிதான் தாங்கலை. பின்னாடி எடை கட்டலாமா?

மார்ச் 9, இரவு 10.05

கட்டலாம், ஆனால் கணக்குப் போட்டுக் கட்டுங்கள். காயில் 500 கிராம், கைப்பிடிக்கு 100 சென்டிமீட்டர் முன்னே. கைத்தாங்கி 30 சென்டிமீட்டர் பின்னே. முழுதாகச் சமன் செய்ய 1.6 கிலோவுக்கு மேல் வேண்டும், அதைத் தூக்கி நாள் முழுக்க வீசினால் தோள் போய்விடும். 400 கிராம் கட்டினாலே கால்வாசிப் பாரம் இறங்கும். அதோடு கீழ்க் குழாயை ஒரு ஓட்டை உள்ளே தள்ளுங்கள், காயில் பத்து சென்டிமீட்டர் அருகில் வந்தால் இன்னும் பத்தில் ஒரு பங்கு குறையும். குழாய் மூட்டில் ஆட்டம் இருந்தால் உள் குழாயில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப்.

கார்பன் குழாய் வாங்க நினைத்தால், அது மின்சாரம் கடத்தும். காயிலை ஒட்டிய கடைசி முழம் ஃபைபர்கிளாஸோ பிவிசியோ இருக்கட்டும், போல்ட் நைலான்.

மார்ச் 10, காலை 6.30

கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்ல வேண்டியது. மண்ணில் புதைந்த பழம்பொருள், நாணயம் எதுவாக இருந்தாலும் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், 1878-இன் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கம் டிடெக்டரோடு போகவே வேண்டாம். நேற்று தொலைந்த மோதிரம் வேறு, அது அதன் உடையவருக்கு.

மார்ச் 12, மாலை 6.00

பல்ஸ் காயிலை மூடிய தட்டாகச் செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள். 25 சென்டிமீட்டர் விட்டம், 2 சென்டிமீட்டர் கனம் என்றால் கடல் தண்ணீரில் ஒரு கிலோவை மேலே தள்ளும். காயில் எடை 500 கிராம்தான் என்றால் இடுப்பளவு நீரில் அதை அமிழ்த்திப் பிடிப்பதிலேயே கை ஓய்ந்துவிடும். நடுவைத் திறந்து விட்டு ஆரக்கால் மட்டும் வையுங்கள். வளையத்தை எப்பாக்ஸியால் நிரப்பும்போது ஒரே ஊற்றாக ஊற்றாதீர்கள், 5 மி.மீ. ஊற்றி, சூடு தணிந்து இறுகியபின் அடுத்தது. மொத்தமாக ஊற்றினால் உள்ளே சூடேறிப் பிளாஸ்டிக் ஓடு வளைந்துபோகும். கேபிள் நுழையும் துளையைக் கடைசியில் அடையுங்கள், அதற்கு முன் ஒரு தடவை ஓம் பார்த்துவிட்டு.